நாற்காலியில் உட்கார்ந்த சென்டர்

"டீச்சர், நாளைக்கு அவளை யார் பிடிக்கிறது?"

பிலோமின் டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரை?"

"எதிர் டீம் சென்டரை. ஆறடிக்கு மேல இருக்கா. கூடைக்குக் கீழே வந்து நின்னுட்டான்னா நகர மாட்டா. பந்து கைக்கு வந்தா போதும், எட்டிப் போட்டுருவா. எங்ககிட்ட அந்த உயரத்துக்கு ஆளே இல்லை."

ஆறுமுகநயினார் ஒரு மகளிர் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். ஐம்பதைக் கடந்தவர். போட்டிக்காக அணியோடு பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார். நாளை அரையிறுதி. இளம் வயதில் அவருக்கு நடுவராக விசில் ஊதக் கற்றுக்கொடுத்தவர் பிலோமின் டீச்சர்.

"இருக்கிறதில யாரை அவகிட்ட விடுவே?"

"இன்பராணியை. அவதான் பலசாலி. ஆனா போன ரெண்டு மேட்ச்லயும் பாதியிலேயே அஞ்சு ஃபவுல் வாங்கி வெளியே வந்துட்டா."

"ஆடப் போறதுக்கு முன்னாடி அவகிட்ட என்ன சொன்னே?"

"உடம்பைக் குடுத்து ஆடு, இடிச்சு நகர்த்துன்னு சொன்னேன்."

"வெளியே வந்தப்ப?"

"ஏன் இடிச்சேன்னு கேட்டேன்."

"ரெண்டும் ஒரே பிள்ளைகிட்டயா?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் ஒரு காம்பை முழுதாக உருவி முடித்தார்.

"அவ என்ன சொல்றா?"

"நாளைக்கும் சென்டர்கிட்ட விட்டீங்கன்னா நான் ஆடலைங்கறா. பையை எடுத்து வச்சிட்டா. ஊருக்கு பஸ் ஏறப் போறாளாம். அவ இல்லாம நாளைக்கு ஒண்ணுமே இல்லை டீச்சர். நான் என்ன சொல்லி நிறுத்துறது? மெதுவா ஆடுன்னா அந்தப் பொண்ணு போட்டுத் தள்ளிருவா. முரட்டுத்தனமா ஆடுன்னா விசில். நடுவில ஒரு அளவு இருக்கணும் இல்லையா? அது எனக்கு இன்னும் பிடிபடலை."

டீச்சர் முறத்தை ஓரமாகத் தள்ளினார்.

"நீ சொல்லிக்குடுக்கறதைப் பார்க்கணும். நட."

மைதானத்தில் வெயில் இறங்கியிருந்தது. பெண்கள் கூடைக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார்கள். இன்பராணி மட்டும் தூணில் சாய்ந்து நின்றாள். பை தோளில் இருந்தது.

நயினார் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து கூடைக்குக் கீழே போட்டார்.

"இது எதுக்கு?"

"இதுதான் டீச்சர் சென்டர்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"பொம்பளைப் பிள்ளைங்க. நான் எப்படி இடிச்சுக் காட்டுறது? அதனால ஆரம்பத்திலிருந்தே நாற்காலிதான்."

"அவங்களே ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுப் பழகலாமே?"

"அடிபட்டுரும்னு விடறதில்லை."

டீச்சர் தூணைப் பார்த்துச் சொன்னார்:

"ஏட்டி, ஒரு தடவை இடிச்சுக் காட்டு. அப்புறம் பஸ் ஏறு."

இன்பராணி பையை இறக்கி வைத்தாள். நாற்காலியின் பின்னால் வந்து, முழங்காலை மடக்கி, இடுப்பால் இடித்தாள். நாற்காலி சிமென்ட் தரையில் சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரருகே நின்றது.

"நல்ல சென்டர்," என்றார் டீச்சர். "எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை."

பெண்கள் சிரித்தார்கள். நயினார் சிரிக்கவில்லை.

டீச்சர் நாற்காலியை இழுத்துவந்து பழைய இடத்தில் போட்டார். கூடைக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்தார்.

"இப்ப நகர்த்து."

"விழுந்துருவீங்க டீச்சர்."

"விழுந்தா உங்க சார் தூக்குவார்."

இன்பராணி தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நாற்காலி கிறீச்சிட்டது. நகரவில்லை.

"ஏட்டி, பார்த்து. கால் ஒடைஞ்சா வாட்ச்மேன் நம்ம சாரைத்தான் பிடிப்பாரு," என்றாள் எதிரே பந்தோடு நின்ற ஜெரினா.

"நாற்காலிக் காலா, டீச்சர் காலா?" என்றது இன்னொரு குரல்.

"பந்தைப் போடு," என்று டீச்சர் கையை நீட்டினார்.

ஜெரினா போட்டாள். இன்பராணி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் பந்தைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நயினார், இது ஃபவுலா?"

நயினார் விசிலை வாயில் வைத்தார். தள்ளியவள் இன்பராணி. ஆனால் டீச்சர் அசையவேயில்லை. ஊதலாம். ஊதாமலும் விடலாம். விசில் வாயிலேயே இருந்தது.

"மறுபடி," என்று டீச்சர் பந்தை ஜெரினாவுக்கு எறிந்தார்.

இந்த முறை இன்பராணி தள்ளவில்லை.

"சார், இடிக்கணுமா, வேண்டாமா?"

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். எதையோ சொல்ல வந்தார். பிறகு அதற்கு நேர்மாறானதைச் சொல்ல வந்தார்.

"எனக்குத் தெரியலைம்மா."

பந்துகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அவர் அப்படிச் சொல்லி அந்தப் பெண்கள் கேட்டதில்லை.

நயினார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இன்பராணி நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்தாள். டீச்சருக்கு முதுகைக் காட்டி, ஜெரினாவைப் பார்த்து, ஒரு கையை உயர்த்தி நின்றாள்.

ஜெரினா பந்தை இந்தப் பக்கம் கொண்டுபோனாள். அந்தப் பக்கம் கொண்டுபோனாள். வழி கிடைக்கவில்லை.

"என்னைத் தொடக்கூட இல்லை," என்றது நாற்காலியிலிருந்து குரல். "ஆனா பந்தே தெரியலை. இவ பின்னல்தான் தெரியுது."

நயினார் பதறி முன்னால் வந்தார்.

"அப்படி நிக்கக் கூடாதும்மா. ஆளுக்கும் கூடைக்கும் நடுவிலதான் நிக்கணும். தலைக்கு மேல தூக்கிப் போட்டுட்டா? பின்னாடி யாரு இருக்கா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜெரினா தூக்கிப் போட்டாள். பந்து இன்பராணியின் கைக்கு மேலாகப் போனது. டீச்சரின் விரல் நுனிக்கும் மேலாகப் போனது. அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்த மும்தாஜ், அணியிலேயே குள்ளமானவள், நாற்காலிக்குப் பின்னால் எம்பி அதைப் பிடித்தாள்.

"உன்னை யாரு இங்க வரச் சொன்னா?"

"பின்னாடி யாரு இருக்கான்னு கேட்டீங்களே சார். பார்த்தேன், யாரும் இல்லை."

நயினார் நாற்காலியைப் பார்த்தார். முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. நடுவில் டீச்சர், வெறுங்கையோடு.

"நாளைக்கு நான் முன்னாடி நிக்கிறேன் சார்," என்றாள் இன்பராணி. "இவ பின்னாடி வந்துருவா."

"இதை யாரும்மா உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

"யாரும் இல்லை சார். நீங்கதான் தெரியலைன்னுட்டீங்களே."