உப்பு சரியாக இருந்தால்

“இனிமே அந்த அடுப்படியில கால் வைக்க மாட்டேன், அம்மா. இங்கேயே ஒரு மூலையில கிடந்துக்கிடுதேன்.”

சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே தரையில் உட்கார்ந்தாள் மங்கையர்க்கரசி. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த மடம். மடம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, பின்னால் கிணறு, அவ்வளவுதான். அதில் இருப்பவள் நீலம்மை. அரசியைவிட வயதில் சின்னவள். ஆனாலும் ஊரே அவளை அம்மா என்றுதான் கூப்பிடும். அவளோ வருகிறவர்களை எல்லாம் அக்கா, அண்ணாச்சி என்பாள். நன்றாகச் சாப்பிடுவாள், நறுக்கென்று பேசுவாள். ஆறுதல் தேடி வந்த பாதிப் பேர் வந்ததைவிட அதிகக் கோபத்தோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அரசி அவளிடம் வெள்ளிக்கிழமைதோறும் பாடம் கேட்க வருகிறவள்.

நீலம்மை முறத்தில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையே, அக்கா.”

“கோபம் கிழமை பாத்தா வரும்?”

“யாரு மேல கோபம்?”

“வேற யாரு மேல? அந்த மனுஷன் மேலதான்.”

“எப்பவும் அத்தான்னு சொல்லுவீங்க.”

“சொன்னேன். அதெல்லாம் அப்போ.”

நீலம்மை ஒரு கை மொச்சையை அவள் முன்னால் தள்ளினாள். அரசி உரிக்க ஆரம்பித்தாள். உரித்தாளா, நசுக்கினாளா என்று கேட்டால் நசுக்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த மனுஷன் என்பது அவள் புருஷன் தில்லைநாயகம். பாலிடெக்னிக்கில் வாத்தியார். இவளுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உத்தியோகம். இரண்டு பேரும் வீடு வந்து சேர விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். அதற்குமேல் யார் சமைக்க? முன்பெல்லாம் ஓட்டல் பூரியும் வடையும்தான் ராத்திரிச் சாப்பாடு. அப்புறம் தில்லைநாயகத்துக்குப் பிரஷர் ஏறியது. எண்ணெயைக் குறை, உப்பைக் குறை, வீட்டில் சமைத்துச் சாப்பிடு என்று டாக்டர் பிடித்து உலுக்கிவிட்டார்.

சரி, இரண்டு பேருமாகவே சமைத்துவிடுவோம் என்று முடிவு கட்டினார்கள். அடுப்பைப் பற்ற வைத்தால் அரை மணியில் சாப்பாடு தயார். குதிரைவாலிச் சோறும் ஒரு கூட்டும், இல்லையென்றால் கேழ்வரகு அடை, இல்லையென்றால் காய்கறி போட்ட கோதுமை ரவை உப்புமா. இவள் நறுக்க, அவர் தாளிக்க, பேச்சும் சிரிப்புமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“பொறவு என்ன கொள்ளை வந்தது?” என்றாள் நீலம்மை.

“அவங்க தங்கச்சி சங்கரவடிவு போன் பண்ணினா. அண்ணன் என்ன செய்யுதீங்கன்னு கேட்டா. அதுக்கு இவரு சொல்லுதாரு, ‘உன் மைனிக்கு அடுப்படியில கொஞ்சம் ஒத்தாசை பண்ணிக்கிட்டு இருக்கேன்’னு.”

“சரி.”

“என்ன சரி? ஒத்தாசையாம்! யாரு அடுப்புக்கு யாரு ஒத்தாசை? அந்தச் சோறு எனக்கு மட்டுமா வேகுது? இவரு வயித்துக்கு இவரு ஆக்குதது எனக்கு ஒத்தாசையா? நானும் அதே நேரத்துக்குத்தானே பஸ் பிடிச்சு வாரேன்?”

“கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘ஒரு வார்த்தைக்கு இந்தக் குதியா’ன்னாரு. அன்னையிலேருந்து பேச்சு கிடையாது.”

“சமையல்?”

“அது நடக்கு. நான் விட்டுக்கொடுப்பேனா? நானும் போய் நிக்கேன். அவரும் வந்து நிக்காரு. ஒரே அடுப்பு, ஒரே சட்டி, ஒரு வார்த்தை கிடையாது.”

நீலம்மை இப்போதுதான் நிமிர்ந்தாள்.

“நேத்து என்ன ஆக்குனீங்க?”

“பீர்க்கங்காய்க் கூட்டு.”

“எப்படி இருந்தது?”

அரசி இன்னொரு காயை நசுக்கினாள். முறத்தைப் பார்த்தாள்.

“கேக்கேன்லா, அக்கா?”

“உப்புக் கரிச்சது. வாயில வைக்க முடியல.”

விஷயம் இதுதான். அந்த வீட்டில் அடுப்பில் இருக்கிற எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் கிடையாது. சாமி படத்துக்குக் காட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். தில்லைநாயகம் வீட்டிலும் அப்படி, அரசி பிறந்த வீட்டிலும் அப்படி. ருசி பார்க்காமல் சமைக்கிறவர்களுக்குக் கேட்கிற வாய்தான் துணை. முன்பெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வார்கள். இப்போது யார் கேட்பது? இவள் பாட்டுக்கு உப்பைப் போட்டாள். அவர் பாட்டுக்கு உப்பைப் போட்டார்.

“கரிச்சதுன்னு அவரு சொன்னாரா?”

“ஏன் சொல்லுவாரு? பல்லைக் கடிச்சிக்கிட்டு முழுசையும் சாப்பிட்டாரு. நானும் சாப்பிட்டேன்.”

“அதுக்கு முந்தின நாள்?”

“அன்னிக்கு உப்பே இல்ல. அவரு போட்டிருப்பாருன்னு நான் விட்டுட்டேன்.”

“அதையும் சாப்பிட்டீங்க.”

“சாப்பிட்டோம். முதல்ல வாயைத் திறக்கிறவங்க தோத்தவங்கதானே?”

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நீலம்மைக்கு வரவில்லை. கையிலிருந்த மொச்சைத் தோலை முற்றத்தில் வீசி எறிந்தாள்.

“கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? பிரஷர்காரரு முன்னால அந்தக் கூட்டை வெச்சிக்கிட்டு வேடிக்கை பாத்தீங்களா?”

அரசிக்குச் சுருக்கென்றது. கண் கலங்கியது. கலங்கியதே அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“எனக்கு மட்டும் பயமா இல்லையா அம்மா? காலையில எந்திரிச்சதும் தலை சுத்துதுன்னு சுவரைப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. ஆனா நான் ஏன் முதல்ல பேசணும்? சொன்னது அவரு! அதனாலதான் சொல்லுதேன். நான் அங்க இருந்தா அந்த மனுஷனைக் கொன்னுருவேன், இல்ல அவரு என்னைக் கொன்னுருவாரு. என்னை இங்க வெச்சுக்கிடுங்க.”

நீலம்மை உரித்த மொச்சையை முறத்தில் ஒதுக்கினாள்.

“சரி, வெச்சுக்கிடுதேன்.”

அரசி இதை எதிர்பார்க்கவில்லை. புத்தி சொல்வாள், திட்டுவாள், திருப்பி அனுப்புவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தாள். எல்லாம் வீணாய்ப் போயிற்று.

“ஆனா ஒண்ணு,” என்றாள் நீலம்மை. “நாளைக்கு ராத்திரி உங்க வீட்டுல எனக்குச் சாப்பாடு. விருந்தெல்லாம் வேண்டாம். தினம் என்ன ஆக்குவீங்களோ அதான். ரெண்டு பேருமாத்தான் ஆக்கணும். உப்பு சரியா இருந்தா, நீங்க பையைத் தூக்கிக்கிட்டு என்கூட வரலாம்.”

“சரியா இல்லேன்னா?”

“வரக் கூடாது.”

“இது என்ன கணக்கும்மா?”

“போய் ஆகுற வேலையைப் பாருங்க, அக்கா. அண்ணாச்சிக்கு நானே போன் போட்டுச் சொல்லிருதேன்.”

மறுநாள் சாயங்காலம் நீலம்மை சொன்னபடி வந்துவிட்டாள். வந்தவள் நேராகக் கூடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தானே இலையையும் விரித்துக்கொண்டாள்.

வாசல் நடையில் அரசியின் பை இருந்தது. நாலு சேலை, சீப்பு, கண்ணாடிக்கூடு.

தில்லைநாயகம் வேலை விட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போது பையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அப்புறம் அதைத் தாண்டி உள்ளே போய், கைகால் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் வந்து நின்றார். எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை? கிடையாது.

அரசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரும் ஓய், இன்னும் அரை மணி நேரம்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

குக்கரில் பாசிப்பருப்பு வெந்துகொண்டிருந்தது. இன்னொரு அடுப்பில் குதிரைவாலி. அரசி சுரைக்காயைத் தோல் சீவி நறுக்கினாள். அவர் தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்தார். இவள் கை கத்தியை வைக்கும் முன்னே அவர் கை காயை அள்ளிச் சட்டியில் போட்டது. இவள் கறிவேப்பிலைக்குத் திரும்பினால் அது உருவிக் கழுவி அங்கே இருந்தது. ஒருத்தர் மேல் ஒருத்தர் இடிக்கவில்லை. அத்தனை பழகியிருந்தது.

அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தெரிந்த ஆளுக்கு அது எப்படி ஒத்தாசையாகும்? நாக்கு ஏன் அப்படிப் புரண்டது?

கூட்டு கொதி வந்தது. தேங்காய் அரைத்ததை அவர் ஊற்றிக் கிளறினார்.

அரசி உப்பு ஜாடியைத் திறந்தாள். ஸ்பூனை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

போட்டுவிட்டாரா? காயை அள்ளிப் போட்டபோது அவர் முதுகு அடுப்பை மறைத்திருந்தது. அப்போது போட்டிருக்கலாம். போடாமலும் இருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தாள். கல்லாட்டம் நின்றார்.

“அக்கா, பசிக்கி!” என்று கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தால் தீர்ந்தது. சாமிக்குக் காட்டாததை, அதுவும் மடத்து அம்மா இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது வைப்பதா? மாட்டாள். கை வராது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உப்பு சரியாக இல்லாவிட்டால் இந்த வீட்டை விட்டுப் போக முடியாது. உப்பு சரியாக இருக்க வேண்டுமானால் இந்த மனுஷனிடம் கேட்க வேண்டும். இந்த மனுஷனை விட்டுப் போவதற்கு இந்த மனுஷனிடமே பேச வேண்டும்! நீலம்மை மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பாவி, வசமாக மாட்டிவிட்டாளே!

ஜாடியை வைக்கத் திரும்பினாள். ஜாடி இருந்த அலமாரியில், அதற்குப் பக்கத்திலேயே, அவருடைய பிரஷர் மாத்திரை அட்டை கிடந்தது.

அவ்வளவுதான்.

“அத்தான்! உப்பு போட்டாச்சா இல்லியா?”

கேட்டாள் என்று சொல்ல முடியாது. கத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

“போடல!” அவரும் கத்தினார். “நீ போட்டியா?”

“நானும் போடல!”

“பொறவு யாரு போட?”

“அதைக் கேக்கத்தானே வாயி இருக்கு! கேக்க வேண்டியதுதானே?”

“நீ முகத்தைத் தூக்கி வெச்சிக்கிட்டு நின்னா எப்படிக் கேக்க?”

“ஒத்தாசைன்னு சொன்னீங்கள்லா! தங்கச்சிகிட்ட பெருமையா!”

“சொன்னேன்! தப்புதான்! சொன்ன வாயை மூடுததுக்குள்ள தப்புன்னு தெரிஞ்சுபோச்சு! அதுக்குப் பையைக் கட்டுவியா நீ? பையைப் பாத்ததுலேருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல! உப்பு போட்டேனா போடலையான்னு எனக்கே ஒரு நிமிஷம் மறந்துபோச்சு!”

“நேத்து காலையில தலை சுத்துச்சே, அதையாவது வாயைத் திறந்து சொன்னீங்களா?”

“நீ கேட்டியா?”

“கேக்காம? மனசுக்குள்ள கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்!”

“மனசுக்குள்ள கேட்டா எனக்குக் கேக்குமா?”

கூட்டு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுப்பை அணைக்கக் கை நீட்டினார்கள். அவர் கை முந்திக்கொண்டது. அவள் ஜாடியை அவர் பக்கம் தள்ளினாள்.

“நீங்களே போடுங்க. குறைச்சுப் போடுங்க. உங்களுக்கு ஆகாது.”

“அம்மா சாப்பிடணுமே.”

“அவுங்களும் குறைச்சே சாப்பிடட்டும்.”

போட்டார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாளித்துக் கொட்டி, சாமி படத்துக்குக் காட்டி, கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். இவள் சோற்றை வைக்க, அவர் கூட்டை ஊற்றினார்.

நீலம்மை உருட்டி உருட்டிச் சாப்பிட்டாள். கூட்டு இன்னும் கொஞ்சம் என்று கேட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம். அரசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்து நின்றாள். தில்லைநாயகம் வாசல் பையைப் பார்த்து நின்றார்.

கடைசி உருண்டையை வாயில் போட்டு, இலையை மடித்து, நீலம்மை எழுந்தாள்.

“உப்பு சரியா இருக்கு, அக்கா. சொன்ன சொல்லு மாற மாட்டேன். பையை எடுங்க, போவோம்.”

அரசிக்கு வந்ததே கோபம்.

“என்னம்மா நீங்க! அத்தான் இன்னும் சாப்பிடவே இல்ல!”