இட்டேரிக்குக் கிளுவை வந்த கதை

மாடு தன் வலியைத் தானே வாய்விட்டுச் சொன்ன காலம் அது. மரம் கூப்பிட்டால் மனிதன் நின்று, "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

அப்போது மலையடிவாரத்து ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு வழி போனது. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தாலும் ஒன்றை ஒன்று உரசாமல் கடந்துவிடும், அவ்வளவு அகலம். அந்த வழியை யாரும் வெட்டி அமைக்கவில்லை. தண்ணீருக்குப் போன மாடுகளின் குளம்பும், சந்தைக்குப் போனவர்களின் காலும் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது. அது யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. நடக்கிறவருடையது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் நிலம் இருக்க நடுவே போகும் அந்த வழியை இட்டேரி என்று சொன்னார்கள்.

கிளுவை மரம் அந்த நாளில் இட்டேரிப் பக்கமே வந்ததில்லை. மலைச்சரிவில், பாறை இடுக்குகளில் நின்றது. உடம்பில் ஒரு முள்கூடக் கிடையாது. மழை இல்லாத மாதத்திலும் அதன் இலை உதிராது. ஊரே காய்ந்து கிடக்கும்போதும் சரிவில் அது மட்டும் பச்சையாக நிற்கும். அந்தப் பச்சையைப் பற்றி அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இட்டேரிக்குக் கிழக்கே இருந்த நிலம் தீத்தியப்பனுடையது. கடும் உழைப்பாளி. கல்லைக்கூட உழுது சோளம் எடுப்பான் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு வருடம் நல்ல மழை பெய்தது. மண்ணின் ஈரத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் உழுதுகொண்டே போனவன், நிலத்தின் ஓரத்தில் ஏரைத் திருப்பவில்லை. இட்டேரிக்குள் ஒரு சால் ஓட்டினான்.

ஏர் இழுத்த மயிலைக்காளை நின்றது.

"ஏனுங்க, நேத்து இதுமேல நடந்துதானே ஆத்துக்குப் போனோம்?"

"ஒரு சால்தானே மயிலை. அத்தனை பெரிய வழியில ஒரு சால் போனா யாருக்குத் தெரியப் போகுது? இழு."

மயிலை இழுத்தது.

மேற்குப் பக்கத்து நிலம் செங்கோடனுடையது. அவன் அதைப் பார்த்தான். "தீத்தியப்பன் ஒரு சால் எடுத்தா நான் மட்டும் இளிச்சவாயனா?" என்று தன் பக்கமும் ஒரு சால் ஓட்டினான். அடுத்த மழைக்கும் அப்படியே. அதற்கடுத்த மழைக்கும் அப்படியே. வழியில் போனவர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. கொஞ்சம் ஒதுங்கி நடந்துகொண்டார்கள். வண்டிகள் ஒதுங்க இடமில்லாமல் போனபோது வண்டிக்காரர்கள் வேறு வழி தேடிக்கொண்டார்கள். பிறகு எருமையும் கன்றும் சேர்ந்து போக முடியவில்லை. எருமை முன்னால் போக, கன்று பின்னால் போனது.

மாராத்தாள் மட்டும் கேட்டாள். அவள் மலையடிவாரத்தில் ஆடு வளர்த்தவள். ஆடுதான் அவளுக்குச் சொத்து, சோறு எல்லாம். ஒருநாள் தீத்தியப்பனின் வயலோரத்தில் நின்று கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, இட்டேரி வருசா வருசம் இளைச்சுட்டே வருதே. பார்த்தீங்களா?"

"செங்கோடனைக் கேளு, அம்மிணி."

செங்கோடனிடம் போனாள். அவன், "தீத்தியப்பனைக் கேளு" என்றான்.

பிறகு ஒரு கொடிய கோடை வந்தது. மலையில் இருந்த ஊற்று வற்றிப்போனது. ஊர்க்கிணற்றில் வாளி தரையில் மோதும் சத்தம்தான் கேட்டது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆறு ஒன்றுதான் கதி. மாடு, ஆடு, மான், முயல், மனிதர் எல்லாரும் அந்த ஒடுங்கிய இட்டேரியில் இறங்கினார்கள். தன் வயல் கிணற்றில் கடைசியாக மிச்சமிருந்த தண்ணீரை இறைத்துத் தீத்தியப்பன் காப்பாற்றி வைத்திருந்த சோளம் வழியோரமெல்லாம் மிதிபட்டது. அவன் ஒடிந்த தட்டைகளை நிமிர்த்திப் பார்த்தான், நிற்கவில்லை. வேலமுள்ளை வெட்டி இழுத்து வந்து இட்டேரியின் வாயை அடைத்துவிட்டான்.

ஆற்றுக்குப் போகிறவர்கள் பாறைப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. அந்தச் செங்குத்தான பள்ளத்தில் மாராத்தாளின் சினையாடு கால் இடறி விழுந்து செத்தது.

மாராத்தாள் அழவில்லை. செத்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். முள்ளடைப்புக்கு முன்னால் அதைக் கிடத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய ஆடுகள் உட்கார்ந்தன. தண்ணீருக்கு வந்த மாடுகள் அவற்றுக்குப் பின்னால் நின்றன. மானும் முயலும் வந்து சேர்ந்தன. ஊராரும் வந்தார்கள்.

தீத்தியப்பன் சோளத்துக்குள்ளிருந்து வெளியே வந்தான். செங்கோடனும் தன் நிலத்தின் ஓரத்துக்கு வந்து நின்றான்.

"வழியை ஏனுங்கண்ணா அடைச்சீங்க?" என்றாள் மாராத்தாள்.

"வழியா? எங்கே இருக்குது வழி? ரெண்டு சோளக் கொல்லைக்கு நடுவுல ஒரு சந்து இருக்குது. அதுல இத்தனை பேர் நுழைஞ்சா என் சோளம் என்னாகுறது?"

"சந்தாக்கினது யாருங்க?"

தீத்தியப்பன் கையை மேற்கே நீட்டினான். "அவனும்தான் உழுதான்."

"முதல்ல உழுதது நீதானே!" என்று அங்கிருந்து கத்தினான் செங்கோடன்.

"சரி, உழுதேன். இட்டேரி முன்னே எத்தனை அகலம் இருந்துச்சு? யாராவது சொல்லுங்க. ஒரு கல் உண்டா, ஒரு குறி உண்டா? காட்டுங்க, விட்டுடறேன்."

ஒருவராலும் காட்ட முடியவில்லை. எருமை ஓர் அகலம் சொன்னது. வண்டிக்காரர் இன்னோர் அகலம் சொன்னார். முயல், "இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை கண்ணுக்கே தெரியாது" என்றது. தீத்தியப்பன் சிரித்துவிட்டான்.

அப்போது அவனுடைய மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து மயிலை நடந்து வந்தது. கன்றாக இருந்தபோது தீத்தியப்பன் தன் கையால் புல் ஊட்டி வளர்த்த காளை.

"நான் சொல்றேனுங்க. ஏரைப் பூட்டுங்க."

"நீயா?"

"உங்களுக்கு மறந்திருக்கலாம். என் கழுத்துக்கு மறக்காது. பூட்டுங்க."

விதைக்காமல் வெறுமையாகக் கிடந்த ஒரு பக்கமாகப் பார்த்துத் தீத்தியப்பன் ஏரைப் பூட்டினான். நிலத்தின் நடுவிலிருந்து இட்டேரியை நோக்கி மயிலை இழுத்துக்கொண்டு வந்தது. ஏர் தடையில்லாமல் வந்தது. ஓரிடம் வந்ததும் மயிலையின் கழுத்து நரம்பு புடைத்தது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி நின்றுவிட்டது.

"இங்கேருந்துதானுங்க இட்டேரி. மேல்மண்ணு எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். அடியில தோண்டிப் பாருங்க."

தீத்தியப்பன் மண்டியிட்டுக் கையால் மண்ணை விலக்கினான். உழுத மண்ணுக்குக் கீழே தரை பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. எத்தனையோ தலைமுறை மாடுகள் மிதித்து இறுக்கிய தரை. அந்த இடத்திலிருந்து ஓர் அடி தன் நிலத்துப் பக்கம் தள்ளித் தோண்டினான். அங்கே விரல் சுலபமாக இறங்கியது. செங்கோடனும் தன் பக்கம் தோண்டினான். அங்கேயும் அப்படித்தான்.

தீத்தியப்பன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் தழையவில்லை.

"என் மாடு பொய் சொல்லாது" என்றான்.

அவனே முள்ளை இழுத்து அப்பால் போட்டான். அந்த எல்லைக்குள் நின்ற தன் சோளத்தை, கதிர் முற்றாததைக்கூடப் பார்க்காமல், கைப்பிடி கைப்பிடியாகப் பிடுங்கி எறிந்தான். அதைப் பார்த்த செங்கோடனும் குனிந்து தன் பக்கத்துச் சோளத்தைப் பிடுங்கினான். இட்டேரி பழைய அகலத்துக்குத் திறந்தது. கூட்டம் ஆற்றைப் பார்த்து ஓடியது.

மாராத்தாள் புறப்படும்போது தீத்தியப்பன் அவளை நிறுத்தினான்.

"அம்மிணி, இன்னிக்கு விட்டுட்டேன். மழை பெய்ஞ்சா ஏர் பிடிக்கப் போறதும் நான்தான். ஈர மண்ணைப் பார்த்தா இந்தக் கை சும்மா இருக்காது. கல்லு நட்டா கல்லை நகர்த்தும். முள்ளு போட்டா கரையான் தின்னுட்டுப் போயிரும். நகராத யாரையாவது கொண்டாந்து ரெண்டு பக்கமும் நிறுத்துங்க."

தன் கையைத் தானே நம்பாத அந்த மனிதனை மாராத்தாள் முதல்முறையாக மரியாதையோடு பார்த்தாள்.

எல்லாரும் மலைக்குப் போனார்கள். முதலில் பனையைக் கேட்டார்கள். "நிக்கிறதுக்கென்ன, நிப்பேன். ஆனா எனக்கும் பக்கத்துப் பனைக்கும் நடுவுல ஏர் தாராளமா நுழையுமே" என்றது பனை. வேலமரம் ஒளிக்காமல் சொன்னது: "நான் வந்தா ஏர் நுழையாது. நீங்களும் நுழைய முடியாது. கொஞ்ச நாள்ல இட்டேரி முழுக்க நான்தான் இருப்பேன்."

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது பாறை இடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் வர்றேன்."

கிளுவை.

வேலமரம் சிரித்தது. "உனக்கு ஒரு முள்ளு உண்டா? ஆடு வாய் வெச்சா ஒரு நாளைக்குத் தாங்குவியா நீ?"

"பாறையிலயே வேர் விட்டு நிக்கிறேன். மண்ணுல நிக்க மாட்டேனா?" என்றது கிளுவை.

மாராத்தாள் அருகில் வந்தாள். "பாறைக்குள்ள போன வேரை எப்படி எடுக்கிறது? பிடுங்கினா செத்துப்போயிருவியே."

"வேர் இங்கேயே இருக்கட்டும். கிளையை வெட்டு. ஒவ்வொரு கிளையையும் ஒவ்வோர் இடத்துல நெருக்கமா ஊனு. வெட்டின இடத்துலேருந்து புதுசா வேர் விட்டுக்கறேன்."

"தண்ணி ஊத்த முடியாதே!"

"ஆட்டுக்கே தண்ணி இல்லை. எனக்கெதுக்கு? மழை வர்றப்போ வரட்டும்."

மாராத்தாள் அரிவாளை ஓங்கினாள். கை இறங்கவில்லை. அத்தனை வறட்சியிலும் அந்த ஒரு மரம்தான் பச்சையாக நின்றது.

"உனக்கு வலிக்குமே" என்றாள்.

"வலிக்கும். வெட்டு."

வெட்டினாள். வெட்டிய இடமெல்லாம் வாசனையான பிசின் கசிந்தது. கடைசிக் கிளை வரைக்கும் கிளுவை ஒரு சத்தம் போடவில்லை. ஆளுக்கு ஒரு கட்டாகத் தூக்கி வந்தார்கள். மயிலை வண்டி இழுத்தது. கிழக்குக் கரையில் தீத்தியப்பனும் மேற்குக் கரையில் செங்கோடனும் முன்னால் நின்று, மலையடிவாரத்திலிருந்து ஆறு வரைக்கும் ஊன்றி முடித்தார்கள்.

கோடை இன்னும் போகவில்லை. ஆற்றுக்குப் போன ஆடுகளுக்கு நடக்கவும் தெம்பில்லை. வழியில் பச்சை என்று இருந்தது கிளுவை இலை மட்டும்தான். ஆனால் ஆடுகள் அதில் வாய் வைக்கவில்லை. தங்களுக்காக வந்து நிற்பவளைத் தின்பதா என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன.

"தின்னுட்டுப் போங்க" என்றது கிளுவை. "நீங்க ஆத்துக்குப் போய்ச் சேரத்தானே இங்கே நிக்கிறேன்?"

ஆண்டு முழுவதும் உதிராமல் வைத்திருந்த இலையை எல்லாம் அது கொடுத்துவிட்டது. ஆடுகள் ஆறு போய்ச் சேர்ந்தன. இட்டேரியின் இரு கரையிலும் வெறுங்குச்சிகள் நின்றன. பார்த்தவர்கள், "செத்துப்போச்சு" என்றார்கள். தீத்தியப்பன் மட்டும் தினமும் காலையில் வந்து ஒரு குச்சியை மெல்ல அசைத்துப் பார்த்துவிட்டுப் போவான். அவனுக்கே அது ஏனென்று தெரியவில்லை.

ஒருநாள் மழை பெய்தது. மறுநாள் காலையில் தீத்தியப்பன் ஏர் பூட்டினான். மண் வாசனை ஏறியது. கிழக்கிலிருந்து உழுதுகொண்டே வந்தவன் இட்டேரியை நெருங்க நெருங்க, அவன் சொன்னபடியே அவன் கை மேழியை அந்தப் பக்கமாகச் சாய்த்தது. மயிலைக்குக் கழுத்தில் அது தெரிந்தது. வாய் திறப்பதற்குள் தீத்தியப்பன், "ஆ!" என்று கையை உதறினான்.

முழங்கைக்குக் கீழே ரத்தம் வந்தது. குனிந்து பார்த்தான். கிளுவையில் ஓர் இலைகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு கிளையின் நுனியும் இறுகிக் கூராகி முள்ளாக நின்றது. முதல் மழையில் குடித்த நீரையெல்லாம் அது நுனிக்கே அனுப்பியிருந்தது.

"இலை விடறதுக்கு முந்தியே முள்ளு விட்டுட்டியா?" என்றான் தீத்தியப்பன்.

"வழி முதல்ல. இலை அப்புறம்" என்றது கிளுவை.

தீத்தியப்பன் ஏரைத் தூக்கித் திருப்பினான். ரத்தம் வழிந்த கையை உயர்த்திக்கொண்டு மேற்கே பார்த்துக் கூவினான்:

"செங்கோடா! இங்கே வந்து பாரு! நம்ம கிளுவை நின்னுட்டா! என்னையே நிறுத்திட்டா பாரு!"

பெற்ற மகள் மல்யுத்தத்தில் ஜெயித்தது போல அவன் குரலில் அத்தனை பெருமை. செங்கோடன் ஓடி வந்து தன் கரையைத் தொட்டுப் பார்த்தான். அவன் விரலிலும் குத்தியது. அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகுதான் கிளுவை இலை விட்டது. வேலிக்குள் கௌதாரி வந்து முட்டையிட்டது. முயல் வளை தோண்டியது. இட்டேரியில் மறுபடியும் வண்டிகள் எதிரெதிரே வந்து கடந்தன. சேதி கேட்டு வெளியூர்க்காரர்கள் கிளை கேட்டு வந்தார்கள். தீத்தியப்பனே வெட்டிக் கொடுத்தான். "எங்க ஊர்க் கிளுவை. தண்ணி ஊத்தலேன்னாலும் நிக்கும். நம்பி வைங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினான்.

ஒருமுறை மாராத்தாள் கிளுவையிடம் கேட்டாள், "இத்தனை கொடுத்தியே, உனக்குன்னு எதுவும் வேண்டாமா?"

"வேலியில சந்து விழுந்தா என்னையே ஒடிச்சு அதுல ஊனுங்க. எந்த இடத்துலயும் நான் இல்லைன்னு ஆகக்கூடாது. அது போதும்."

வேரில்லாத வெறுங்குச்சியை ஊன்றினாலும் கிளுவை பிழைத்துக்கொள்வதும், கோடையில் இலையெல்லாம் போய் மொட்டையாக நிற்பதும், கிளை நுனியெல்லாம் முள்ளாக இருப்பதும் அந்த மழை தொடங்கித்தான். ஏர் பிடித்தவர் அதைக் கண்டதும் மாட்டைத் திருப்பிக்கொள்வதும், இட்டேரியில் போகிறவரை யார் நீ என்று எவரும் மறித்துக் கேட்காததும் அப்படி வந்த வழக்கம்தான்.