முப்பத்தாறு போடாத டப்பா

போர்வைய இழுத்துக்கோ செல்லம். ஒரு ஊர்ல ஒரு ஆபீஸ், அந்த ஆபீஸ்ல ரெண்டு அக்கா. ஒருத்தி கோமதி, இன்னொருத்தி ரெக்ஸ்லின். ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க. ம் சொல்லு.

அங்க, குறைமாசத்துல பொறந்த பாப்பாவுக்குச் சூடு குடுக்கற பெட்டி பண்ணினாங்க. பெட்டி எப்படி நடந்துக்கணும்னு ப்ரோக்ராம் எழுதற வேலை ரெக்ஸ்லினுக்குப் போச்சு. கோமதிக்கு அதைப் படிச்சுப் பாக்கற வேலைதான். அவளுக்கு வயிறு எரிஞ்சுது. ரெக்ஸ்லின் சிரிச்சா எரியும், டீ குடிச்சாக்கூட எரியும்.

அப்புறம் ஒரு செவ்வாக்கிழமை கோமதி ஒரு தப்பைப் பாத்தா. ப்ரோக்ராம்ல வேரியபிள்னு ஒண்ணு உண்டு, நம்ம அடுக்களை டப்பா மாதிரி. டப்பாவுக்குப் பேர் ஒட்டி வைக்கறது டிக்ளேர் பண்றது. உள்ள மொதல்ல ஒண்ணைப் போட்டு வைக்கறது இனிஷியலைஸ் பண்றது. பெட்டியோட ப்ரோக்ராம்ல ஒரு டப்பாவுக்கு ‘வேண்டிய சூடு’ன்னு பேர் ஒட்டின ரெக்ஸ்லின், உள்ள முப்பத்தாறு டிகிரின்னு போட மறந்துட்டா. போடலன்னா டப்பா காலியா இருக்காது செல்லம். அந்த இடத்துல முன்னாடி என்ன கிடந்துதோ அதையே எடுத்துக்கும்.

கோமதி சொல்லலை. மாட்டட்டும்னு இருந்துட்டா.

மொதல் தடவை ஆபீஸ்ல பொம்மைய வச்சு ஓட்டினாங்க. ஞொய்ய்ய்... முப்பத்தாறு. பழைய முப்பத்தாறு ஒண்ணு அங்க கிடந்துது, அவ்ளோதான். எல்லாரும் கை தட்டினாங்க, கோமதியும் தட்டினா. ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரில, அங்கயும் பொம்மைதான். ஞொய்ய்ய்... அப்பவும் முப்பத்தாறு. டாக்டரம்மா ரெக்ஸ்லினைத் தோள்ல தட்டிக் குடுத்தாங்க. கோமதி பல்லை நறநறன்னு கடிச்சா.

மூணாவது தடவை பொம்மை இல்ல. இசக்கியம்மான்னு ஒரு அக்காவோட பாப்பா. இத்துனூண்டு, என் கையளவுதான். பூனைக்குட்டி மாதிரி மீ... மீன்னு அழுதுது. நர்ஸ் அதைத் தூக்கிட்டு வந்தாங்க. அப்போ கோமதி ஓடிப்போய்க் குறுக்க நின்னா.

“பாப்பாவை வைக்காதீங்க. மொதல்ல வெறும் பெட்டிய ஓட்டிப் பாருங்க,” ன்னா.

பெட்டிய அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தாங்க. ஒரு தடவை சரியா ஓடுச்சு. அடுத்த தடவை பீப் பீப் பீப். சூடு ஐம்பதைத் தாண்டி ஏறுது. வெடுக்குன்னு ஒயரைப் பிடுங்கினாங்க.

ரெக்ஸ்லின் தேடிப் பாத்து, அந்த டப்பாவுல முப்பத்தாறைப் போட்டா. ஒரே வரிதான். அதுவரைக்கும் இசக்கியம்மா பாப்பாவை நெஞ்சோட அணைச்சே வச்சிருந்தாங்க. பத்துத் தடவை ஓட்டி, பத்தும் சரியானப்புறம்தான் உள்ள வச்சாங்க. கொஞ்ச நேரத்துல நீலமா இருந்த விரலு சிவந்துது.

அப்புறம் ரெக்ஸ்லின் கோமதியைத் தனியா கூப்பிட்டு, இதை எப்ப பாத்தேன்னு கேட்டா. இப்பத்தான்னு கோமதி சொல்லியிருக்கலாம். சொல்லலை.

“செவ்வாக்கிழமையே பாத்துட்டேன். நீ மாட்டணும்னு இருந்தேன்.”

ஒரு வாரம் ரெக்ஸ்லின் பேசலை. எட்டாம் நாள் நாற்காலிய கர்ர்ர்னு இழுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தா.

“இனிமே நான் எழுதறதை நீதான் படிக்கணும். என்கிட்ட தப்புத் தேட உன்னை விட்டா ஆள் கிடையாது. ஆனா பாத்த அன்னிக்கே சொல்லிடணும்.”

கோமதி சரின்னா. வயித்தெரிச்சல் போச்சான்னு கேக்கறியா? போகலை. இன்னும் எரியும். எரிய எரிய அன்னிக்கே சொல்லிடுவா.

ம் சத்தத்தைக் காணோமே. சரி, கதை இத்தோட நின்னுது, உன் கண்ணும் மூடிடுச்சு. தூங்கு.