கொத்துச் சத்தம்

"மேடம், போன் அடிச்சாலே எனக்கு உசுரு போயிருது."

சொல்லிவிட்டு சந்தனமாரி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பாளையங்கோட்டையில், பரோட்டாக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அதுதான் ஆசிரமம். வங்கி வேலைக்குப் பயிற்சி என்று வாசலில் போர்டு இருக்கும். குரு சமீமாவுக்கு வயசு இருபத்திமூன்று. சந்தனமாரிக்கு இருபத்தொன்பது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வேறு இருக்கிறது. அவளைச் சீடை என்று சொன்னால் தின்பண்டமாகிவிடும். சிஷ்யை என்றே வைத்துக்கொள்வோம். குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை மேடம் என்பாள்.

ஒரு தனியார் வங்கியில் கவுன்ட்டர் வேலைக்குச் சந்தனமாரி மனுப் போட்டிருந்தாள். பரீட்சையில் தேறிவிட்டாள். போனில் நடக்கும் நேர்காணல்தான் பாக்கி. முப்பது ஆகிவிட்டால் எடுக்க மாட்டார்கள், தை பிறந்தால் அவளுக்கு முப்பது. இதுவும் கைவிட்டுப் போனால் இப்போது வேலை பார்க்கும் ஜவுளிக்கடையிலேயே காலம் பூரா கால் வீங்க நிற்க வேண்டியதுதான்.

"என்ன பேசுவீங்க? பேசிக் காட்டுங்க."

சந்தனமாரி எழுந்து நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள்.

"வணக்கம் ஐயா. நான் சந்தனமாரி பேசுகிறேன்."

அவ்வளவுதான், ஆளே மாறிவிட்டாள். ரயில் தாமதம் என்று ஜங்ஷனில் அறிவிப்பார்களே, அதே குரல். வாடிக்கையாளர் நலனே தன் தலையாய நோக்கம் என்றாள். நாட்டின் பொருளாதாரத்தில் வங்கிகளின் பங்கு என்று தொடங்கி, அடுத்த வரி மறந்து, அப்படியே நின்றாள்.

சமீமா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"யாருக்கா இது, பேசினது?"

"நான்தான் மேடம்."

"அப்படியா" என்றாள் குரு.

மறுநாளிலிருந்து கண்ட கண்ட நம்பரிலிருந்தெல்லாம் போன் வந்தது. ஒருநாள் கீச்சுக்குரலில் ஓர் அம்மாள், வங்கியிலிருந்து பேசுகிறாளாம். இன்னொரு நாள் பரோட்டா மாஸ்டரையே பேச வைத்தாள் குரு. அந்த மனுஷன் வட்டி விகிதம் என்று சொல்வதற்குள் மூன்று தடவை இருமினார். சந்தனமாரி மீன் வாங்கும்போது வரும், பிள்ளைக்குத் தலை துவட்டும்போது வரும். யார் எந்தக் குரலில் பேசினாலும் பின்னால் கொத்துப் பரோட்டா போடுகிற சத்தம் மட்டும் மாறவே மாறாது. டக டக டக. அது காதில் விழுந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்புறம் என்ன பயம்? கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே மீனுக்குப் பேரமும் பேசுவாள்.

ஒரு சாயங்காலம் ஜவுளிக்கடையிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். புது நம்பர், கனமான ஆண் குரல், வங்கியின் பெயரைச் சொன்னது. பின்னால் டக டக டக.

மேடம் இன்றைக்கு யாரைப் பிடித்தார்களோ என்று நினைத்துக்கொண்டே பேசினாள்.

பென்ஷன் வரவில்லை என்று ஒரு பெரியவர் கவுன்ட்டரில் வந்து சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள் என்று அந்தக் குரல் கேட்டது.

"மொதல்ல உக்கார வைப்பேன் சார். நின்னுக்கிட்டே இருந்தா யாருக்குன்னாலும் கோவம் வரும். எனக்கே வரும். உக்கார வச்சு, தண்ணி குடுத்துட்டு, அப்புறம்தான் பாஸ்புக்கையே வாங்குவேன்."

இப்படியே ஏழெட்டுக் கேள்வி. கடைசியில் அவளே, "சரி சார், பரோட்டா ஆறிரப் போவுது, போய்ச் சாப்பிடுங்க" என்றாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. போன் வைக்கப்பட்டது.

மறுநாள் மாடிப்படி ஏறும்போதே, நேற்றுப் பேசினவர் பிரமாதம், அசல் ஆபீசர் தோற்றார் என்றாள்.

சமீமா நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து நான் யாரையும் பேசச் சொல்லலியேக்கா. கீழ கடையே லீவு. மாஸ்டரு மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருக்காரு."

அப்படியானால் நேற்றுப் பேசினது அசல் ஆபீசரேதான்! ஊரில் பரோட்டாக் கடை இது ஒன்றுதானா? எந்தக் கடை வாசலில் நின்று பேசினாரோ அந்தப் புண்ணியவான்! ஆபீசரைப் போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டாளே. வேலை போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

கையிலிருந்த போன் டிங் என்றது, வங்கியிலிருந்து செய்தி. முதல் சுற்றில் தேர்வாகிவிட்டாள். பதினோரு மணிக்கு மேனேஜர் பேசுவார், அது முடிவான பேச்சு.

மணி பதினொன்று ஆகப்போகிறது. சந்தோஷம் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"என்னால முடியாது மேடம். நேத்து நம்ம ஆளுன்னு நெனச்சுல்லா பேசுனேன். இன்னைக்கு மேனேஜருன்னு தெரிஞ்சு எப்படிப் பேச?"

குரு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நேத்துப் பேசினது யாருக்கா?"

"அந்த ஆபீசருதான்."

"அந்தப் பக்கம் இல்லக்கா. இந்தப் பக்கம்."

சந்தனமாரி வாயைத் திறந்தாள்.

போன் அடித்தது.

கீழே கடை பூட்டிக் கிடந்தது. கொத்துச் சத்தம் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. எழுந்திருக்கப் போனவள் மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். போனை எடுத்தாள்.

"வணக்கம் சார். சந்தனமாரி பேசுதேன்."