மலைக்குப் போன இரண்டு கேமராக்கள்

மலையடிவாரக் குளத்தில் ஓர் ஆமை இருந்தது. மலை உச்சியில் மரப்பொந்து ஒன்றில் வளரும் இருவாச்சிப் பறவைக் குஞ்சை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அதன் ஆசை.

குஞ்சின் அப்பா தினமும் குளக்கரை ஆலமரத்துக்குப் பழம் பறிக்க வரும். வரும்போதெல்லாம் ஆமை விசாரிக்கும்.

"பிள்ளை எப்படி இருக்கிறான்? நன்றாகச் சாப்பிடுகிறானா?"

அலகு நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு அப்பா இருவாச்சி தலையை மட்டும் ஆட்டும்.

ஒருநாள் அது பழத்தைக் கிளையில் வைத்துவிட்டுச் சொன்னது: "நாளைக் காலையில் பையன் பொந்தைவிட்டு வெளியே வருகிறான், அக்கா. வந்ததும் நாங்கள் குடும்பத்தோடு அடுத்த மலைக்குப் போய்விடுவோம்."

ஆமையின் முகம் வாடிவிட்டது. "இந்தக் கால்களை வைத்துக்கொண்டு நான் எங்கே மலையேறுவது?"

தண்ணீர் குடிக்க வந்த இரண்டு பேர் இதைக் கேட்டார்கள். ஒன்று, கிளை கிளையாகக் கொம்பு வைத்த பெரிய மிளா மான். இன்னொன்று, முயல் அளவே இருக்கும் சருகுமான்.

"கவலைப்படாதே அக்கா. நாங்கள் போய்ப் படம் எடுத்து வருகிறோம்," என்றது மிளா.

காட்டின் ஓரத்தில் மந்தி ஒன்று கேமராக் கடை வைத்திருந்தது. சுற்றுலா வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன கேமராக்கள்தான் சரக்கு.

"இருப்பதிலேயே பெரியதை எடு," என்றது மிளா.

மந்தி தயங்கியது. "இது நல்ல கேமராதான். ஆனால் ஒரே இடத்தில் நின்று எடுப்பதற்குத்தான் வசதி. நீ மலைக்கல்லவா போகிறாய்?"

"என் உடம்புக்கு இதெல்லாம் ஒரு பாரமா?"

கேமரா, நீள நீளமான லென்சுகள், முக்காலி, பெரிய பை. எல்லாவற்றையும் கொம்பில் மாட்டிக்கொண்டு மிளா வெளியே வந்தது. மயில்கூட விலகி வழிவிட்டது. மிளாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சருகுமான் அவசரப்படவில்லை. "மந்தியக்கா, நான் மூக்கால்தான் பொத்தானை அழுத்த வேண்டும். வழுக்குப் பாறையில் ஏற வேண்டும். மரத்தின் உச்சியில் இருப்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும்," என்றது.

மந்தி தீப்பெட்டி போல ஒன்றைக் கொடுத்தது. சருகுமான் அதை மரத்தின்மேல் இருந்த மந்திக்குட்டியை நோக்கித் திருப்பியது.

"உன் பிள்ளை எறும்பு மாதிரித் தெரிகிறான். வேண்டாம்."

அடுத்தது கொஞ்சம் பெரியது. அதில் குட்டியின் கண்ணிமைகூடத் தெரிந்தது. சருகுமான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடையைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பார்த்தது. கழுத்து வலிக்கவே இல்லை. அதையே வாங்கிக்கொண்டது.

மறுநாள் விடியும்போதே இருவரும் புறப்பட்டார்கள். முக்காலி புதருக்குப் புதர் சிக்கியது. லென்சுகள் மிளாவின் நெற்றியில் இடித்துக்கொண்டே வந்தன. வழுக்குப் பாறை வந்ததும் மிளா எல்லாவற்றையும் இறக்கி வைத்து மூச்சு வாங்கியது.

"நீ முன்னால் போ, தங்கச்சி. நான் வந்துவிடுகிறேன்."

சருகுமான் உச்சியை அடைந்தபோது குஞ்சின் பாதுகாப்புக்காகப் பொந்தை அடைத்திருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. குஞ்சு தலையை நீட்டியது. கீழே பார்த்தது. திரும்ப உள்ளே போகப் பார்த்தது.

"குதிடா, ராசா. அம்மா இருக்கிறேன்," என்றது தாய்.

குஞ்சு குதித்தது. சிறகைத் தாறுமாறாக அடித்துக்கொண்டு, எப்படியோ அப்பாவின் முதுகில் போய் விழுந்தது. சருகுமான் மூக்கால் அழுத்தியது.

இருவாச்சிகள் பறந்து போன பிறகுதான் மிளா வந்து சேர்ந்தது. வெறும் பொந்தைப் பார்த்தது. கொம்பில் தொங்கிய மூட்டையைப் பார்த்தது.

"பொந்தையாவது எடுத்துக்கொண்டு போகட்டுமா?" என்று கேட்டுத் தானே சிரித்துவிட்டது. சருகுமானும் சிரித்தது.

குளக்கரையில் ஆமை படத்தை உற்றுப் பார்த்தது.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய வாய்! அதனால்தான் இவன் அப்பா ஓயாமல் பழம் சுமந்தானா?" என்று சொல்லிவிட்டு, "இன்னொரு தடவை காட்டு," என்றது. தவளைகளும் மீன்களும் எட்டிப் பார்த்தன. அன்று முழுவதும் ஆமையின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

பிறர் வியக்க வேண்டும் என்று வாங்கும் பொருள் நமக்குச் சுமையாகிவிடும். போகும் வழிக்கும் செய்யும் வேலைக்கும் ஏற்றதே நமக்கு நல்ல பொருள்.