பேச்சிமுத்து பந்தலில் அடித்த வெயில்

காய்கறிக் கண்காட்சிக்கு எல்லோரும் புடலங்காயோடு வந்திருக்க, பேச்சிமுத்து மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார். வாய் இருக்கிறதே என்ற தைரியம்தான்.

நடந்தது என்னவென்றால், சித்திரை வெயிலில் கொடி கருகிவிடுமே என்று பயந்து, பந்தல் மேல் தென்னங்கீற்றைப் போட்டு மூடிவிட்டார் மனுஷன். வெயில் படாத கொடி இலையும் தண்டுமாய்க் கொழுத்துப்போனது. காய்த்தது ஒன்றே ஒன்று, அதுவும் சுண்டுவிரல் நீளம். நீளமான காய்க்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் பரிசு. மூன்று வருஷமாக அதைப் பக்கத்துத் தோட்டத்து ஆவுடையப்பனே தட்டிக்கொண்டு போகிறார். இந்த வருஷமும் போனால் பேச்சிமுத்துவுக்குச் சோறு இறங்காது.

"உங்க காய் எங்கே?" என்று கேட்டார் தோட்டக்கலை அதிகாரி மெர்சி மேடம்.

"தூக்கியார முடியல மேடம். இந்த வருச வெயில் அப்படி! காய் வளையாம இருக்க நுனியில கல்லு கட்டுவோம்லா? கல்லைக் கட்டி முடிச்சுப் போடுததுக்குள்ள அது தரையைத் தொட்டுட்டு."

"அளக்காதீரும் வே" என்றார் ஆவுடையப்பன்.

"சும்மா கேளும் வே. தரை தட்டுனா வெயில் விடுமா? காய் கீழ ஊனிக்கிட்டுப் பந்தலை மேல தூக்க ஆரம்பிச்சிட்டு. பந்தல் மேல எங்க வீட்டுக்காரி சேலை காயப்போட்டிருந்தா. நாலு நாளாச்சு, ஈரமே போகல. என்னன்னு அண்ணாந்து பாத்தா, சேலை மேகத்துக்குள்ள கெடக்கு!"

கூட்டம் சிரித்தது. பேச்சிமுத்துவுக்கு உற்சாகம் பிடிபடவில்லை.

"அப்புறம் எப்படி இறங்குச்சு?" என்றார் மேடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மேகத்துல இடிச்சா மழை பெய்யாதா? கொட்டித் தீத்துட்டு. ஈரத்துல தரை இளகி, பந்தல் பாரத்துக்குக் காய் சரசரன்னு மண்ணுக்குள்ள இறங்கிட்டு. அடியிலயே போயி, வேலியைத் தாண்டி, இந்தா நிக்காரே, இவரு கிணத்துல நுனி எட்டிப் பாக்குது. வேணும்னா அவரையே கேளுங்க!"

ஆவுடையப்பன் இல்லையென்றுதான் சொல்வார், பொறாமையில் மறைக்கிறார் என்று ஒரு பிடி பிடிக்கலாம் என்பது பேச்சிமுத்துவின் கணக்கு.

ஆவுடையப்பன் சாவகாசமாகத் தம் சாக்கை அவிழ்த்து ஏழடிக் காய் ஒன்றை மேஜையில் நீட்டினார்.

"சொல்லுதது சத்தியம் மேடம். கிணத்துல எட்டிப் பாத்த நுனியை நறுக்கிட்டு வந்துட்டேன். அது இதுதான். வேலி தாண்டுன காய் அது வந்து சேந்த தோட்டத்துக்காரனுக்குத்தான், எங்க ஊரு வழக்கம். இல்லையா வே?"

பேச்சிமுத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார். அத்தனையும் புளுகு என்று ஒரு வார்த்தை சொன்னால், அது இவர் காய் இல்லை என்றாகும். அப்போதும் ஏழடி ஏழடிதான், ஸ்பிரேயர் ஆவுடையப்பனுக்குத்தான். மெய்யென்றாலும் அவருக்குத்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மனுஷனே நின்றார். இதற்குப் பேசாமல் வீட்டிலேயே கிடந்திருக்கலாம் என்று பட்டது அவருக்கு.

"வழக்கம்தான்" என்றார் கடைசியில்.

மெர்சி மேடம் ஸ்பிரேயரை ஆவுடையப்பனிடம் கொடுத்துவிட்டு, பதிவேட்டைப் பேச்சிமுத்து பக்கம் தள்ளினார்.

"முழுக் காயையும் பார்த்தது நீங்க ஒருத்தர்தான். சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."