நாலில் ஒரு சம்மதம்

ஓர் ஊரில் மூன்று அண்ணன் தம்பிகள் கணக்கு டியூஷன் நடத்தினார்கள். அதற்கும் பிள்ளைகளை அனுப்பினார்கள் பாருங்கள், அந்தப் பெற்றோரைச் சொல்லணும். மூத்தவர் செபஸ்தியான், நடுவில் இன்னாசி, கடைசி சவேரி. சவேரிக்கு முன்நெற்றி ஏறிக்கொண்டே போனது, கல்யாணம்தான் ஆகவில்லை.

"இந்தக் காலத்துல நாலு வீடு ஏறினா ஒரு வீட்டுலதான் சரின்னு சொல்லுவாங்க" என்றார் தரகர். ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது. செபஸ்தியான் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டார்: நிகழ்தகவு, நாலில் ஒன்று.

முதல் வீடு பிலோமினாளுடையது. காபியை நீட்டியவள் லேசாகச் சிரித்தாள். சவேரி பாதியைச் சட்டைக்குக் கொடுத்தான்.

"மாப்பிள்ளைக்கு என்ன வயசு?" என்று பெண்ணின் அப்பா தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"என் வயசை எக்ஸ் என்க" என்று தொடங்கினார் செபஸ்தியான். "பத்து வருஷத்துக்கு முன்னால தம்பி வயசு அதுல பாதியோட..."

"எங்களுக்குச் சம்மதம்!" என்று பெண்ணின் அம்மா குறுக்கே விழுந்து நிறுத்தினாள்.

சவேரிக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. அண்ணன் கைகூப்பி எழுந்தார்.

"மன்னிக்கணும். இன்னும் மூணு வீட்டுல முடியாதுன்னு சொல்லணும். அதுவரைக்கும் உங்க சம்மதம் செல்லாது."

"என்னங்க இது கூத்து?"

"கூத்து இல்லம்மா, கணக்கு."

கதவோரம் நின்ற பிலோமினாள், "ஞாயித்துக்கிழமைக்குள்ள கணக்க முடிச்சிட்டு வாங்க. இல்லன்னா எங்க அத்தை மகன் ரெடியா இருக்கார்" என்றாள்.

சவேரி அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினான். ஆனாலும் தப்புக் கணக்கில் தாலி கட்ட அவனுக்கும் மனசு வரவில்லை.

இரண்டாவது வீட்டில் முடியாது என்றார்கள். மூவரும் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்து, அரைக்கிலோ பூந்தியும் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மூன்றாவது வீட்டில்தான் வினை.

"மாப்பிள்ளைக்கு வருமானம் கம்மி" என்று இன்னாசி நல்ல வார்த்தை சொன்னான்.

"பரவால்ல, எங்க கடையில உக்காரட்டும்."

"குறட்டை விடுவான்."

"எங்க பொண்ணும்தான் விடுவா."

"ஐயா, தயவுபண்ணி மறுத்துடுங்க!" என்று சவேரி காலில் விழுந்தான். "என்ன பணிவு!" என்று நெகிழ்ந்து, அவர்கள் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

வீடு திரும்பி ஆலோசனை நடந்தது.

"இப்ப ரெண்டு சம்மதம். ரெண்டு கீழ் எக்ஸ், சமம் நாலில் ஒன்று. எக்ஸ் எட்டு" என்றார் செபஸ்தியான். "ஆறு மறுப்பு வேணும். கையில இருக்கிறது ஒண்ணுதான்."

"நாளைக்கு ஞாயிறுண்ணே!" சவேரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொண்ணே இல்லாத வீடாப் பாத்துப் போவோம்" என்றான் இன்னாசி. "அங்க கட்டாயம் இல்லைன்னுதான் சொல்லுவாங்க."

இப்படி ஒரு மூளையா என்று மற்ற இருவரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். விடிந்ததும் தையல்காரர் வீடு, போஸ்ட்மேன் வீடு, சலூன், மாவு மில் என்று பெண் கேட்டுவிட்டு, கடைசியாகப் பங்குச்சாமியார் வீட்டுக்கும் போனார்கள். சாமியார் குடையை ஓங்கிக்கொண்டு மறுத்தார். பழையதோடு சேர்த்து ஆறும் தேறிவிட்டது.

பிலோமினாள் வீட்டுக்கு ஓடினார்கள்.

"முடிஞ்சதுங்க!" என்றான் சவேரி மூச்சிரைக்க. "உங்களுக்கு இன்னும் சம்மதம்தானே?"

"சம்மதம்தான்" என்றாள் அவள்.

செபஸ்தியான் முகம் வெளுத்தது. "அடப்பாவி, எதுக்குடா மறுபடி கேட்ட? இது மூணாவது சம்மதம்! இப்ப எக்ஸ் பன்னெண்டு. இன்னும் மூணு மறுப்பு வேணுமே!"

பிலோமினாள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"முடியாது! முடியாது! இந்த ஜென்மத்துல முடியாது!" என்று கத்திக் கதவை அறைந்து சாத்தினாள்.

செபஸ்தியான் விரல் மடக்கி எண்ணினார்: சரியாக மூன்று முடியாது. பிறகு அண்ணன்கள் இருவரும் சவேரியைத் தோளில் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

"அண்ணே, அவங்க என்னை வேண்டாம்னு சொல்லிட்டாங்களே?"

"அட மடையா, அது விடை இல்லடா, வழிமுறை!" என்றார் செபஸ்தியான். "கணக்கு கச்சிதமா முடிஞ்சது. வா, நேரா அச்சகத்துக்குப் போய்ப் பத்திரிகை அடிக்கக் குடுப்போம்."